ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு நிலம்

2024 ஜனவரி முதல் வாரம், மதுரை மாவட்டக் கல்வித் துறையின் கைக்கு ஒரு தானப் பத்திரம் வந்து சேர்ந்தது. மதுரை கிழக்கு ஒன்றியத்தில் உள்ள யா.கொடிக்குளம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்துவதற்காக 1 ஏக்கர் 52 சென்ட் நிலம். எழுதிக் கொடுத்தவர் ஆயி என்ற பூரணம் அம்மாள், கனரா வங்கியில் எழுத்தராக வேலை பார்ப்பவர். மறைந்துபோன தன் மகள் ஜனனியின் பெயர் அந்தப் பள்ளியில் நிலைக்க வேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டது.

நிலத்தின் மதிப்பு ஏழு கோடி ரூபாய் என்று செய்தி வந்ததும் ஊரெல்லாம் அந்தத் தொகையைப் பற்றியே பேசியது. பேசத்தான் செய்வார்கள். சென்ட் ஒன்றுக்கு நாலரை லட்சத்துக்கு மேல் வருகிறதே! ஆனால் திருவாதவூரில் பிறந்து, இந்தச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலேயே கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, அந்தச் செய்தியில் முதலில் கண்ணில் பட்டது ஏழு கோடி அல்ல; 'நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக' என்ற வார்த்தைகள்தான். அந்த அம்மா கோயிலுக்குக் கொடுக்கவில்லை, கல்யாண மண்டபத்துக்குக் கொடுக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் கொடுத்திருக்கிறார். கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பு எந்த இடத்தில் அறுந்துபோகிறதோ, சரியாக அந்த இடத்தில்.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மாற்றுச் சான்றிதழைக் கையால்தான் எழுதுவோம். ஊரில் அதற்கு டி.சி. என்றுதான் பெயர். பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் என்று வரிசையாக வரும். அங்க அடையாளத்துக்காகப் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, வலது புருவத்தில் ஒரு தழும்பு, இடது முழங்கையில் ஒரு மச்சம் என்று பார்த்து எழுதுவோம். அதற்குக் கீழே ஒரு கேள்வி இருக்கும்: மேல்வகுப்புக்குத் தகுதி பெற்றவரா? எட்டாவது முடித்த அத்தனை பேருக்கும் 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுப்போம். ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு யார் யார் எங்கே சேர்ந்தார்கள் என்று விசாரித்தால்தான் தெரியும், அந்த 'ஆம்' எத்தனை பேருக்குப் பலித்தது என்று.

ஆம்பளைப் பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேலூருக்கோ ஒத்தக்கடைக்கோ போய்விடுவார்கள். பெண் பிள்ளைகளில் சில பேர் டி.சி.யை வீட்டு டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு நடவுக்கும் களையெடுப்புக்கும் போயிருப்பார்கள். அப்படி ஒரு பிள்ளையின் வீட்டுக்கு நான் போய்க் கேட்டபோது அவள் அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஒத்தப் பொம்பளப் புள்ளைய பஸ் ஏத்தி விட்டுட்டு, வாரவரைக்கும் நான் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டா இருக்க முடியும் டீச்சர்? இங்கனயே இருந்தா பத்தாப்பு என்ன, பன்னண்டாப்பு வரைக்கும் படிக்க வச்சிருவேன்." அந்தத் தாய்க்குப் படிப்பின் அருமை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளி தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான். நன்றாகக் கணக்குப் போடுகிற பிள்ளை அவள். பின்னங்களைக் கூட்டும்போது மீச்சிறு பொது மடங்கை எழுதிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள்.

சட்டமும் அந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைக்கும்தான். அதாவது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளி என்பது அரசின் கடமை. உயர்நிலைப் பள்ளிக்கு ஐந்து கிலோமீட்டர் என்று மத்திய அரசின் இடைநிலைக் கல்வித் திட்டம் ஓர் அளவு வைத்தது. ஆனால் அது திட்டத்தின் அளவு, சட்டத்தின் கட்டாயம் அல்ல. ஐந்து கிலோமீட்டர் என்பது வரைபடத்தில் சிறிதாகத்தான் இருக்கும். இடையில் கண்மாய்க் கரையும் ஆள் நடமாட்டம் இல்லாத கரும்புக் காடும் இருந்தால் பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு அது சின்னத் தூரமா?

'தரம் உயர்த்துவது' என்றால் பெயர்ப் பலகையை மாற்றி எழுதுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரு நடுநிலைப் பள்ளி உயரும்போது அது இரண்டாகப் பிரியும். ஒன்று முதல் ஐந்து வரை தொடக்கப் பள்ளியாகத் தனியாக நிற்கும். அதற்கு ஒரு தலைமையாசிரியர். ஆறு முதல் பத்து வரை அரசு உயர்நிலைப் பள்ளி. அதற்கு வேறு தலைமையாசிரியர், தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கொரு பட்டதாரி ஆசிரியர். வருகைப் பதிவேடு வேறு, சம்பளப் பட்டியல் வேறு. இரண்டும் ஒரே வளாகத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தால் என்ன ஆகும் என்பதை அனுபவித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்த அறையில் பத்தாம் வகுப்பு பெஞ்சு போட முடியாது. அறிவியல் ஆய்வகத்துக்குத் தண்ணீர்க் குழாயும் காற்றோட்டமும் வேண்டும். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும், அதில் கட்டாயம் தாழ்ப்பாள் வேண்டும். இதற்கெல்லாம் முதல் தேவை இடம். ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் பல, ஊர் நடுவே சாவடிக்குப் பக்கத்தில், நாலு பக்கமும் வீடுகள் சூழ்ந்து இருக்கின்றன. ஓரடி நகர வழியில்லை. தரம் உயர்த்தக் கேட்டு மனுக் கொடுத்த ஊர்கள் பலவற்றில் பேச்சு கடைசியில் 'இடம் எங்கே?' என்ற கேள்வியில் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். புறம்போக்கு இருந்தால் நீர்ப்பிடிப்பாக இருக்கும். தனியார் இடத்தை விலைக்கு வாங்க ஊரிடம் பணம் இருக்காது.

யா.கொடிக்குளத்தில் விலை ஏன் இப்படி ஏறியது என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும். யானைமலையின் நிழலில் இருக்கிற ஊர் அது. வைணவர்கள் ஜோதிஷ்குடி என்று போற்றும் தலம். திருவரங்கத்துப் பெருமாளைப் படையெடுப்பிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த பிள்ளை லோகாசாரியார் இங்கேதான் பரமபதித்தார் என்பார்கள். எங்கள் சிறுவயதில் அந்தப் பக்கம் வயலும் தோப்புமாகக் கிடக்கும். 1965இல் ஒத்தக்கடையில் வேளாண் கல்லூரி வந்தது. 2004 ஜூலையில் உலகனேரியில் உயர் நீதிமன்றக் கிளை திறந்தார்கள். அதன் பிறகு மேலூர் சாலையின் இரு பக்கமும் மஞ்சள் கல் நட்டு மனை போட ஆரம்பித்தார்கள். நகரம் கிராமத்தை விழுங்கும்போது வீட்டுமனை வரும், தனியார் பள்ளி வரும், அதன் மஞ்சள் வேன் வரும். அரசுப் பள்ளி மட்டும் எட்டாம் வகுப்போடு நின்றுபோகும். அந்த நேரத்தில், மனை போட்டு விற்றால் ஏழு தலைமுறைக்குச் சாப்பிடலாம் என்று தெரிந்தும் ஒரு பெண் இடத்தைப் பள்ளிக்கு எழுதி வைத்தார் என்றால் அந்த மனசை என்னவென்று சொல்வது!

இது புதிதாகப் பிறந்த பழக்கம் அல்ல. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1958இல், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அதற்கு உயிர் கொடுத்தார். முதல் மாநாடு அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில். ஊர்க்காரர்கள் மேடையேறி, நான் இத்தனை சென்ட் தருகிறேன், நான் பெஞ்சு செய்து தருகிறேன், நான் கரும்பலகையும் கடிகாரமும் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டின் எத்தனையோ கிராமத்துப் பள்ளிகள் அப்படித்தான் சுவரும் கூரையும் பெற்றன. தரம் உயர்த்துவதற்கு ஊர்மக்கள் பங்கு கட்ட வேண்டும் என்ற வழக்கமும் பின்னாளில் நெடுங்காலம் இருந்தது. பணத்தை எப்படியோ வசூல் செய்துவிடலாம். வீட்டுக்கு வீடு போய், அறுப்பு முடிந்ததும் நெல்லாகவே வாங்கி விற்றுக்கூடக் கட்டியிருக்கிறார்கள். நிலத்தை வசூல் செய்ய முடியாது.

உயர்நிலைப் பள்ளி பக்கத்தில் இல்லாவிட்டால் இன்றைக்கு இன்னொரு நட்டமும் இருக்கிறது. அதைப் பெற்றோரிடம் யாரும் சரியாக எடுத்துச் சொல்வதில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2020இல் வந்த 7.5 விழுக்காடு மருத்துவ இட ஒதுக்கீடாகட்டும், 2022 செப்டம்பரில் தொடங்கி கல்லூரிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டமாகட்டும், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை எங்கே படித்தார்கள் என்றுதான் பார்ப்பார்கள். எட்டுவரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, ஒன்பதாவதுக்குப் பக்கத்தில் அரசுப் பள்ளி இல்லையே என்று தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிட்டால், கடன் வாங்கிக் கட்டணமும் கட்டி, அந்த உரிமையையும் கை நழுவ விடுகிறோம். டாக்டராகும் வாய்ப்பு ஒரு பிள்ளைக்கு இருந்ததா இல்லையா என்பதை அந்த இரண்டு வகுப்புகள் தீர்மானித்துவிடுகின்றன.

அந்த அம்மா பதிலுக்குக் கேட்டது மகளின் பெயரை மட்டும்தான். மதுரை நகருக்குள் மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: வெள்ளிவீதியார், ஔவை, பொன்முடியார், காக்கைப்பாடினியார். சங்கப் புலவர்கள் பெயரை, அதிலும் பெண்பாற் புலவர்கள் பெயரை இப்படிப் பள்ளிக்கூட வாசலில் எழுதி வைத்த ஊர் என்று எனக்கு எப்போதும் பெருமை உண்டு. இந்த நகரத்துப் பள்ளிகளுக்கும் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தத்தனேரியைச் சேர்ந்த அப்பள வியாபாரி ராஜேந்திரன் திரு.வி.க. மாநகராட்சிப் பள்ளிக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து வகுப்பறைகள் கட்டிக் கொடுத்தார். அப்பளம் காயவைத்துச் சேர்த்த காசு. இனி அந்தப் புலவர்கள் வரிசைக்குப் பக்கத்தில், நகரத்துக்கு வெளியே, ஜனனி என்ற ஒரு சாதாரண வீட்டுப் பெண்ணின் பெயரும் பள்ளிப் பிள்ளைகள் வாயில் புழங்கும்.

2024 குடியரசு தின விழாவில் முதலமைச்சரின் சிறப்பு விருது ஆயி பூரணம் அம்மாளுக்கு வழங்கப்பட்டது. விருது வாங்கியதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அடுத்த மாதமே, பிப்ரவரியில், அதே பள்ளிக்காக மேலும் 91 சென்ட் எழுதிக் கொடுத்தார். இரண்டையும் சேர்த்தால் 243 சென்ட், இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. கணக்கு டீச்சர் என்பதால் தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 200 மீட்டர் ஓட்டப் பாதை ஒன்று போட ஏறக்குறைய ஓர் ஏக்கர் போகும். மீதியில் வகுப்பறைகள், ஆய்வகம், நூலகம், கழிப்பறை, கபடி ஆட ஒரு களம், மரம் வைக்க ஒரு வரிசை, எல்லாம் தாராளமாக அடங்கும். முதல் பத்திரத்தில் கட்டடம் வந்திருக்கும். விளையாட்டுத் திடலுக்குச் சங்கடப்பட வேண்டியிருந்திருக்கும். இரண்டாவது பத்திரம் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு ஓடுவதற்கென்று மதில் சுவருக்குள் ஓர் இடம் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை, வாழ்நாள் முழுக்கத் தெருவில் ஓட விடாமல் வளர்க்கப்பட்ட என் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இதைப் படிக்கிற யாருக்காவது பள்ளிக்கூடத்தை ஒட்டி நிலம் இருந்தால், நடைமுறையும் சொல்லிவிடுகிறேன். பட்டா, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். அவர் முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு அழைத்துப் போவார். வாரிசுகளின் சம்மதத்தை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள், பின்னால் வழக்கு வராது. சர்வேயரைக் கூட்டி வந்து அளந்து, நாலு எல்லையையும் பத்திரத்தில் தெளிவாக எழுதுங்கள். பதிவு முடிந்ததும் பட்டா பள்ளிக் கல்வித் துறையின் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை போய்ப் பாருங்கள். ஏக்கர் கணக்கில் இருக்க வேண்டும் என்பதில்லை. பத்து சென்ட் என்றால் 4,356 சதுர அடி. ஆய்வகமும் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறையும் கட்ட அது போதும்.