விழுந்த கையும் மறுக்கும் மனமும்

நெடுங்கேணியில் வயல் செய்யும் முதியவர் ஒருவருக்குப் பாரிசவாதத்தால் இடக்கை விழுந்துவிட்டதென வைத்துக்கொள்வோம். வைத்தியசாலைக்குப் பார்க்க வந்த மருமகன், "மாமா, கையை ஒருக்காத் தூக்குங்கோ" என்கிறார். "தூக்கித்தானே இருக்கிறன்" என்கிறார் முதியவர். கையோ கட்டிலிற் கிடக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. மற்றெல்லாவற்றிலும் தெளிவாகவே பேசுகிறார்.

தாங்கொணாத் துயரை மனம் மறுத்துத் தன்னைக் காக்கிறது என்பர் உளப்பகுப்பாளர். வல மூளை பழுதுற்றமையால் இடப்புறச் செய்தி எட்டவில்லை என்பர் நரம்பியலார். இரண்டும் தனித்து நில்லா. துயர்க்காப்பு மட்டுமே காரணமாயின், வலக்கை விழுந்தோரும் அவ்வளவே மறுக்கவேண்டும்; அவர்களிடம் அது மிகக் குறைவு. செய்தி எட்டாமை மட்டுமே காரணமாயின், "மூட்டு நோகுது, அதனாற் தூக்கேல்லை" என்று நோயாளி காரணங் கற்பிப்பானேன்?

தமிழ்நாட்டிற் பிறந்து கலிபோர்னியாவில் ஆய்வு செய்த நரம்பியலறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் இம்முடிச்சையே பற்றிக்கொண்டார். இத்தாலிய ஆய்வாளர் முன்னரே கண்ட முறையைக் கையாண்டு, மூதாட்டி ஒருவரின் இடச்செவியிற் குளிர்நீர் விட்டார். செவியினுள்ளிருக்கும் சமநிலையுறுப்பு கிளர்ந்து வல மூளையைத் தட்டியெழுப்பியது போலும்! கை வழங்கவில்லை என ஒப்பினார் மூதாட்டி. பல நாளாகவே வழங்கவில்லை என்றும் கூறினார். அப்படியாயின், மறுத்த நாளெல்லாம் உண்மை உள்ளே பதிந்தே இருந்ததன்றோ? நீரின் பயன் ஒழிந்து சில மணி நேரஞ் சென்றபின் மீண்டும் மறுத்தார்; தாம் ஒப்பியதையும் மறந்தார். பிராய்ட் 'அமுக்கம்' என்றதை ஒத்ததொன்று கட்டிலருகே நிகழ்ந்துவிட்டது.

இட மூளை தன் கதையைக் கட்டிக்காக்கும். பொருந்தாததை வல மூளை சுட்டும். வலது பழுதுற்றால் இடது கதையளந்துகொண்டே போகும் என்பது இராமச்சந்திரன் கருத்து. ஒவ்வாதாரும் உளர். ஆயினும் இது சோதித்துப் பார்க்கத்தக்க விளக்கம். பிராய்டும் நரம்பாய்வாளராகத் தொடங்கியவரே. 1895இல் மனத்தை நரம்பணுக்களால் விளக்க எழுதத்தொடங்கி, அதனைக் கைவிட்டார்.

வன்னியில் இருப்போர்க்கு ஒன்று கூறவேண்டும். 2009இல் முடிந்த போரிற் காணாமற்போன மகனுக்காகக் காத்திருக்கும் தாயை, "உண்மையை ஏற்க மறுக்கிறாள்" என்று இதே சொல்லாற் சிலர் சுட்டுகின்றனர். அது பொருந்தாது. முதியவர் முன்னே கை கிடக்கிறது. அத்தாய்க்கோ விடையேதும் தரப்படவில்லை.

மருமகன் மாமாவோடு வாதாட வேண்டியதில்லை. பலரிடம் இம்மறுப்புச் சில நாட்களிலோ கிழமைகளிலோ தணிந்துவிடும். அதுவரை, கால் வழங்குமென நம்பி அவர் கட்டிலைவிட்டு எழுந்து விழாதபடி ஒருவர் அருகிருத்தல் வேண்டும். அவர் மறுப்பதையும் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.