படிப்பகத்துக்கு மனை கொடுக்க: உயிலா, தானப் பத்திரமா?

"எனக்குப் பிறகு இந்த மனை படிப்பகத்துக்குத்தான்" என்று வாய்மொழியாகச் சொல்லி மறைந்த பெரியவர்கள் நம் சேரிகளில் பலர். அவர்களது விருப்பம் தூயது. ஆனால் எழுத்தில் இல்லாத அந்த விருப்பத்தைச் சட்டம் காக்காது. உயிலின்றி இறக்கும் ஆணின் தனிச்சொத்து, 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, தாய், மகன்கள், மகள்கள் ஆகியோருக்குச் சமபங்காகச் சேரும். பௌத்தர்களுக்கும் இதுவே சட்டம். அந்த வரிசையில் படிப்பகம் இல்லை.

அறக்கொடை அளிக்க விரும்பும் முதியவர் முன் இரு வழிகள் உள்ளன.

முதலாவது, உயில். எழுதுபவரின் கையொப்பம் அல்லது கைநாட்டும் இரு சாட்சிகளின் கையொப்பமும் தேவை. முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு கட்டாயமன்று, எனினும் பின்னாளில் எழும் வழக்கில் அது துணைநிற்கும். வாழும்வரை சொத்து அவருடையதே. உயிலை எப்போதும் மாற்றலாம்.

இரண்டாவது, தானப் பத்திரம். இதற்குப் பதிவு கட்டாயம். பெறுபவர் ஏற்றுக்கொண்டதும் சொத்து கைமாறிவிடும். மனம் மாறினால் திரும்பப் பெற இயலாது. பராமரிப்பை எதிர்பார்த்துப் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுப்போர், அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதவேண்டும். அது மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ்த் தீர்ப்பாயத்தை அணுகிப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம்.

ஒற்றை மனையே உடைமையாக உள்ளவருக்கு நாங்கள் பரிந்துரைப்பது உயிலே. கொடையின் பெயரால் எவரும் முதுமையில் கூரையை இழக்கக்கூடாது.

கிறித்தவர்களுக்கு முன்பு ஒரு தடை இருந்தது. நெருங்கிய உறவினர் உள்ளவர் அறப்பணிக்கு எழுதும் உயில், இறப்புக்கு ஓராண்டுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கவேண்டும் என்றது இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு. 2003இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது.

நிலத்தின் தன்மையையும் பார்க்கவேண்டும். 1892ஆம் ஆண்டின் அரசாணைவழி வந்த பஞ்சமி நிலத்தை ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அல்லாதாருக்கு மாற்றக்கூடாது. அரசு வழங்கிய இலவச மனைப்பட்டாக்களிலும் நிபந்தனைகள் உண்டு. எழுதும் முன் அவற்றைப் படித்தாகவேண்டும்.

பெறும் அமைப்புக்கும் சட்ட வடிவம் வேண்டும். பெயர்ப்பலகையால் மட்டும் சொத்து வைத்திருக்க முடியாது. நிர்வாகி ஒருவரின் சொந்தப் பெயரில் எழுதினால், நாளை அவருடைய வாரிசுகள் உரிமை கோருவர். எனவே அறக்கட்டளைப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். அல்லது 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கமாகப் பதிவு செய்யுங்கள்.

மாணவர்களுக்கு இதில் ஒரு பணி உண்டு. உயில் எழுதியவர் மறைந்தபின் வழக்கு எழுந்தால், சாட்சிகளில் ஒருவரேனும் நீதிமன்றத்தில் நின்று சொல்லவேண்டும். சம வயது முதியவர்களே சாட்சிகளாயின், அந்நாளில் அவர்களும் இல்லாமற்போகலாம். எனவே பதினெட்டு வயது நிறைந்த இளைஞர் ஒருவர் சாட்சியாகட்டும். உங்கள் தெருவின் பெரியவரிடம் இந்த வாரமே பேசுங்கள்.