ஜூனிபர் போன்சாய்க்கு எப்போது தொட்டி மாற்றலாம்? திருப்பூர் வெயிலுக்கு மார்கழி, தைதான் தோது

"ஏனுங்க, மரம் பச்சையாத்தானே இருக்குது, செத்துப்போச்சுன்னு எப்படிங்க சொல்றீங்க?" ஜூனிபர் போன்சாய் வாங்கியவர்கள் நர்சரிக்குத் திரும்பி வந்து கேட்கிற கேள்வி இது. வேர் செத்த பிறகும் ஜூனிபரின் இலைகள் பல வாரங்கள் பச்சையாகவே நிற்கும். நிறம் மங்கி, தொட்டால் முறுமுறுவென உதிரும்போதுதான் நமக்கு உறைக்கும். அப்போது தண்ணீர் ஊற்றியும் பயனில்லை.

ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய மரம், அல்லது பத்து வருஷமாக மொட்டைமாடியில் வளர்த்த மரம் இப்படிப் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் எளிதில் தவிர்க்கக்கூடியது, தப்பான மாதத்தில் தொட்டி மாற்றுவது.

யூடியூப் சொல்லும் 'மார்ச்' நமக்கு அல்ல

ஜப்பான், அமெரிக்கக் காணொளிகளில் வசந்தத்தின் தொடக்கத்தில், அதாவது மார்ச் வாக்கில் மாற்றச் சொல்வார்கள். அங்கே அது குளிர் விலகும் நேரம். வேர் வெட்டிய மரத்துக்கு, கோடை வரும் முன் புது வேர் விட இரண்டு மூன்று மாதம் மிதமான காலநிலை கிடைக்கும். திருப்பூரில் மார்ச் என்றால் மாசி முடிந்து பங்குனி. மாடித் தளம் காலில் சுடத் தொடங்கிவிடும். இலை தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். வெட்டுப்பட்ட வேரால் அந்த அளவுக்கு உறிஞ்சித் தர முடியாது. மரம் உள்ளுக்குள் காயும்.

எனவே காணொளியின் மாதத்தை விட்டுவிட்டு, அதன் காரணத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். வெட்டிய பிறகு ஆறு வாரமாவது கடும் வெயில் இருக்கக் கூடாது. நம் பக்கம் அப்படிப்பட்ட காலம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பனி இறங்கும் மார்கழிப் பாதியிலிருந்து தை முடிய.

ஆடியில் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. விதைப்புக்கு ஆடி சரி. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று ஆனி, ஆடியில் மாடித் தொட்டிகளை ஒரே பகலில் காய வைத்துவிடும். ஆல், அரசு, இச்சி போன்றவை கதகதப்பில் வேர் விடும் மரங்கள், அவை தாங்கும். ஜூனிபர் குளிர் தேசத்து மரம். இந்தியாவிலேயே அது இயற்கையாக வளர்வது இமயமலைப் பக்கம்தான். (முதல் போன்சாய் வளர்ப்பவருக்கு என் சிபாரிசு இச்சிதான். அது கோபித்துக்கொள்ளாது.)

எல்லா வருஷமும் வேண்டாம்

இளம் மரத்துக்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, வயதான மரத்துக்கு நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை போதும். அதையும் மரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஊற்றிய தண்ணீர் மேலேயே தேங்கி நிற்கிறதா? மரம் தொட்டியை விட்டு மேலே எழும்புகிறதா? அடித்துளை வழியே வேர் எட்டிப் பார்க்கிறதா? அப்போது மாற்றலாம். இலை வெளுத்து நோஞ்சானாக நிற்கிற மரத்தை, ஈரம் தேங்கி வேர் அழுகினால் ஒழிய, அந்த வருஷம் விட்டுவிட வேண்டும். தொட்டி மாற்றுவது வைத்தியம் அல்ல, அறுவை.

மண்ணும் தண்ணீரும்

தோட்டத்துச் செம்மண்ணை அப்படியே போட்டால் இறுகிவிடும். உடைத்த செங்கல் சல்லி, கழுவிய பருமணல், கொஞ்சம் கரித்துண்டு, மிகக் கொஞ்சம் மக்கிய எரு என்பது இங்கே கிடைக்கும் நல்ல கலவை. மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் பருமன் இருக்கட்டும். சல்லடையில் கீழே இறங்கும் தூளைக் கொட்டிவிடுங்கள். எம்-சாண்ட் என்றால் இன்னும் கவனமாகச் சலிக்க வேண்டும். காங்கேயம், உடுமலைப் பக்கம் மலிவாகக் கிடைக்கிற தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கும். பல தடவை அலசாமல் போடக் கூடாது. ஜூனிபருக்கு அது இல்லாமலே நல்லது.

உப்பு என்றதும் திருப்பூரில் தண்ணீரைப் பேசாமல் முடியாது. துணிக்குச் சாயம் ஏற உப்பு சேர்ப்பார்கள். அந்தக் கழிவு பல ஆண்டுகள் நொய்யலிலும் நிலத்தடியிலும் இறங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளையே மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. உங்கள் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம் கட்டும், இலை நுனி பழுப்பாகும். இதைவிடக் கெட்டது, ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது. வடிகட்டிய உப்பெல்லாம் திரண்டு நிற்பது அதில்தான். அது தரை கழுவ ஆகும். போன்சாய்க்கு மழைநீர் பிடித்து வையுங்கள். இல்லாவிட்டால் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர்.

செய்யும் விதம்

காலையில், நிழலில் செய்யுங்கள். மூங்கில் குச்சியால் ஓரத்திலிருந்தும் அடியிலிருந்தும் மண்ணை மெல்லக் கோதி விடவும். சுற்றிச் சுருண்ட வேர்களை மட்டும் கத்தரிக்கலாம். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தண்டுக்குக் கீழே உள்ள பழைய மண்ணைத் தொடாதீர்கள். வேருக்கு உதவும் பூஞ்சை அதில்தான் குடியிருக்கிறது. சுத்தமாக அலசி வேரை வெறுமையாக்குவது ஜூனிபருக்கு ஆகாது. வேலை நடக்கும்போது வேர் காயாமலிருக்க ஈரமான பனியன் வேஸ்ட் துணியைப் போர்த்துங்கள். நம்ம ஊரில் அதற்கா பஞ்சம்!

அடித்துளையில் வலை வைத்து, துளை வழியே அலுமினியக் கம்பி செலுத்தி, வேர்ப்பகுதியை அசையாமல் கட்ட வேண்டும். மரம் ஆடினால் புதிதாக விடும் நுண்வேர் அறுந்துவிடும். கம்பி படும் இடத்தில் ஒரு துண்டு பனியன் துணி வைத்தால் பட்டை காயப்படாது. கலவையைக் குச்சியால் குத்தி, காற்றுப் பொந்து இல்லாமல் நிரப்பி, அடியில் தெளிந்த நீர் வரும்வரை ஊற்றவும். அதே நாளில் கிளைகளையும் வெட்டாதீர்கள். வேர் திரும்ப வளரத் தேவையான சத்து இலையிலிருந்துதான் வரும்.

பிறகு மூன்று நான்கு வாரம் பச்சை வலை நிழலில், காற்று நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். தினமும் இலைமீது தண்ணீர் தெளிக்கலாம். மண்ணுக்கு, மேல்பகுதி லேசாகக் காய்ந்த பின்தான். உரம் ஒன்றரை மாதம் கழித்து. ஆபீஸ் ஏ.சி. அறைக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஜூனிபர் வெளியில் வாழும் மரம். வரவேற்பு மேசைக்கு வேண்டுமென்றால் விருந்தினர் வரும் நாளில் எடுத்து வைத்து, சாயந்திரமே மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.