கல்லூரிப் பந்தாட்டக்காரரின் கூலி

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக மலையேறிச் செல்லும் பஸ், போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் அகத்தியர்கூடம் காணச் செல்வோர் காட்டுவழியே நடந்துதான் போகவேண்டும். வெள்ளையர் காலத்தில் எழுந்த தோட்டம் அது. இன்று தேயிலைத் தொழிற்சாலை ஓய்ந்து கிடக்கிறது. கூலி பாக்கி நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எனினும் லயங்களில் குடியிருப்போர் முற்றிலும் அகன்றுவிடவில்லை. அவர்களுள் தமிழ் பேசும் குடும்பங்கள் பல.

அண்மையில் நாம் அங்குச் சென்றிருந்தபோது, ஒரு லயத்து வாசலில் நடுவயதுடைய அம்மையார் ஒருவர் நம்மிடம் ஒரு காகிதத்தைக் கொணர்ந்து காட்டினார். நாம் மத்திய சர்க்காரில் மொழிபெயர்ப்பு உத்தியோகம் பார்ப்பவர் என்பதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய மகன் திருவனந்தபுரத்தில் பி.ஏ. படிக்கிறான், கல்லூரிக் கால்பந்தாட்ட அணியில் ஆடுகிறான். காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது. கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டியில் அவன் ஆடியதாகவும், அவனுடைய கல்லூரி இரண்டாம் இடம் பெற்றதாகவும் அதில் கண்டிருந்தது. படித்துச் சொன்னோம். அம்மையார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இதைக் காட்டினா தபாலாபீஸில வேலைக்கு எடுப்பாங்களா, சார்?”

அக்கேள்விக்கு விடை கூறுமுன், கல்லூரியில் பந்தாடும் ஒருவனுக்கு நம் நாட்டில் என்ன கூலி கிடைக்கிறது என்பதைச் சற்று விரிவாகக் காண்பது அவசியமாகிறது.

ரொக்கமாகக் கிடைப்பது மிகச் சொற்பமே. கட்டணச் சலுகை, விடுதிச் சாப்பாடு, காலணி, பயணச் செலவு, சில இடங்களில் பரீட்சையில் சேர்க்கப்படும் கருணை மதிப்பெண் ஆகியவற்றோடு அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ‘கேலோ இந்தியா’ திட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட விளையாட்டாளருக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு வழங்கப்படுகிறது. ஆயின், நாட்டின் கல்லூரிகளில் பந்தாடும் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தால், அத்தகைய பேறு வாய்த்தவர் மிகச் சிலரே. ஆகவே கல்லூரிப் பந்தாட்டக்காரன் உண்மையில் எதற்காக ஆடுகிறான்? ஆசைக்காக ஆடுகிறான் என்பது உண்மைதான். ஆனால் அவனுடைய வீட்டார் எதிர்பார்த்திருப்பது ஒரு சான்றிதழை. அச்சான்றிதழ் பின்னொருநாள் உத்தியோகமாக மாறும் என்பதே அவர்களது நம்பிக்கை.

இந்நம்பிக்கை ஆதாரமற்றதன்று. கேரளத்துக் கால்பந்தாட்டம் நெடுங்காலம் உத்தியோகத்தையே உரமாகக் கொண்டு வளர்ந்தது. ஆட்டக்காரருக்குச் சம்பளம் என்று சொல்லிக் கொடுக்காமல், போலீஸிலும் மின்சார வாரியத்திலும் வங்கியிலும் ஆலைகளிலும் வேலை கொடுத்தார்கள். ஆட்டம் அவ்வேலையின் ஒரு பகுதியாயிற்று. 1973ஆம் ஆண்டில் எர்ணாகுளத்தில் ரயில்வே அணியை 3–2 என்ற கணக்கில் வென்று கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையைப் பெற்றது. தலைவர் மணி மூன்று கோல்களையும் தாமே போட்டார். அவ்வணிக்குப் பயிற்சி அளித்தவர், 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடிய தமிழர், சைமன் சுந்தரராஜ் என்பதை நம்மவரிற் பலர் மறந்துவிட்டனர். பின்னர் வந்த ஐ. எம். விஜயன், திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன். இளவயதிலேயே கேரளப் போலீஸ் அணியில் சேர்ந்து, அங்கிருந்து 1991இல் கல்கத்தாவின் மோகன் பகான் கழகத்துக்குப் போனார். அவருக்குக் கல்லூரி தேவைப்படவில்லை. ஆனால் விஜயன்கள் அடிக்கடி பிறப்பதில்லை.

ஆட்டத்துக்கே சம்பளம் தரும் கழகங்களும் கேரளத்தில் தோன்றாமலில்லை. 1997இல் எஃப். சி. கொச்சின் தோன்றி, அவ்வாண்டிலேயே தூரந்து கோப்பையை வென்றது. சில ஆண்டுகளுக்குள் பணமுடையால் மறைந்தும் போயிற்று. இன்று பிளாஸ்டர்ஸ், கோகுலம் போன்ற கழகங்கள் உள. 2024இல் ஆறு அணிகளுடன் சூப்பர் லீக் கேரளா தொடங்கியது. இவற்றில் இடம் பெறுவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. மற்றவர்களுக்குச் சான்றிதழ்தான் கதி.

இனி அச்சான்றிதழுக்கு வருவோம். மத்திய சர்க்காரின் கீழ்நிலை உத்தியோகங்களுக்கு நேரடியாக ஆளெடுக்கும்போது, சிறந்த விளையாட்டாளரைக் கொண்டு நூற்றுக்கு ஐந்து வரை நிரப்பலாம் என்று விதி இருக்கிறது. 1980ஆம் ஆண்டில் பிறந்த உத்தரவு, 2013இல் மற்ற உத்தரவுகளோடு ஒன்றாகத் திரட்டப்பட்டது. அலுவலக உத்தரவுகளை மொழிபெயர்ப்பதே நமது பிழைப்பாதலால், ‘நிரப்பலாம்’ என்பதற்கும் ‘நிரப்பவேண்டும்’ என்பதற்கும் உள்ள தூரம் நமக்கு நன்கு தெரியும். அது நிற்க, விளையாட்டாளர் யார் என்பதற்கு அவ்வுத்தரவு சொல்லும் இலக்கணம் கவனிக்கத்தக்கது. ராஜ்யத்துக்காகவோ நாட்டுக்காகவோ ஆடியவர். பல்கலைக்கழகத்தின் சார்பில், பல்கலைக்கழகங்களுக்கிடையே நடைபெறும் போட்டியில் ஆடியவர். ராஜ்யப் பள்ளி அணியில் தேசியப் பள்ளி விளையாட்டுக்களில் ஆடியவர். இப்படி வரிசை செல்கிறது. கல்லூரியின் சார்பில் ஆடியவர் என்று ஒரு வரி அதில் இல்லை.

மூன்றாண்டு தன் கல்லூரிக்காக வியர்வை சிந்தியவன், கோப்பையே வென்றிருந்தாலும், பல்கலைக்கழக அணியில் ஒருமுறையேனும் ஆடாவிட்டால், இவ்விதியின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சான்றிதழுக்கும் குறிப்பிட்ட படிவம் உண்டு. பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்குப் பொறுப்பான டைரக்டரோ, அவரை ஒத்த அதிகாரியோ அதில் கையொப்பமிட வேண்டும். கல்லூரி முதல்வரின் கையொப்பம், எவ்வளவு அழகாயிருப்பினும், அதற்கு ஈடாகாது. பல்கலைக்கழகப் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவர்களுக்கு முதலுரிமை. கலந்துகொண்டு வெல்லாதவர்கள் அவர்களுக்குப் பின்னே நிற்கவேண்டும்.

பல்கலைக்கழக அணியில் ஆடுவதற்குரிய தகுதியை இந்தியப் பல்கலைக்கழகச் சங்கம் வகுத்திருக்கிறது. 1925இல் பல்கலைக்கழகங்களின் இடைக்கழகமாகத் தொடங்கிய நிறுவனம் அது; 1973இல் இப்பெயர் பெற்றது. ஆட்டக்காரன் முழுநேர மாணவனாயிருத்தல் வேண்டும். வயது 17க்கு மேலும் 25க்கு உள்ளும் இருத்தல் வேண்டும். முழுநேர உத்தியோகம் பார்ப்பவனாயிருத்தல் கூடாது. ஒரே கல்வியாண்டில் இரு பல்கலைக்கழகங்களுக்காக ஆடுதலும் ஆகாது. இவ்விதிகள் எளியவை, நியாயமானவையுங்கூட. வேலையிலிருப்பவரும் வயது முதிர்ந்தவரும் மாணவரென்று பெயர் பண்ணிக்கொண்டு வந்து ஆடினால், உண்மை மாணவனின் இடமல்லவா பறிபோகும்?

ஆனால், மலைத்தோட்டத்திலிருந்து வருகிறவனுக்கு இவை எப்படிப் பொருள்படுகின்றன என்று பாருங்கள். நடுவில் ஒரு வேலை வந்தால் அவன் அதை ஏற்பதா, விடுவதா? ஏற்றால் பல்கலைக்கழக அணி கைவிட்டுப் போகும். விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. தாய்வழி உறவினர் திருநெல்வேலியில் இருக்கிறார்களே, அங்குள்ள கல்லூரியில் செலவு குறையுமே என்று பெயர்ந்துபோக நினைத்தால், மாற்றுச் சான்றிதழ், பல்கலைக்கழக இடப்பெயர்ச்சிச் சான்றிதழ் என்று காகிதங்கள் தொடர்கின்றன. கழகமொன்றில் பெயர் பதிவாகியிருந்தால், கேரளச் சங்கத்திலிருந்து தமிழ்நாட்டுச் சங்கத்துக்கு அப்பதிவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு காகிதம் தாமதித்தால் அவ்வாண்டின் ஆட்டம் போய்விடும். கூலியே சான்றிதழாயிருக்கும் தொழிலில், ஓராண்டு ஆட்டம் போவது ஓராண்டுக் கூலி போவதாகும். இழந்த ஆண்டை எந்த அலுவலகமும் திருப்பித் தருவதில்லை.

இவ்விடத்தில் அமெரிக்காவைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டியிருக்கிறது. அங்கே கால்பந்து என்று பெயர் சொல்லிப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுகிறார்கள். அது வேறு கதை. அவர்களது கல்லூரி ஆட்டத்தில் கோடிக்கணக்கான டாலர் புரளுகிறது. எனினும் ஆடும் மாணவனுக்குச் சம்பளம் கூடாதென்று நெடுங்காலம் தடுத்து வைத்திருந்தார்கள். அதற்குத் துணை நின்றது, ‘மாணவ விளையாட்டாளர்’ என்று நாம் தமிழில் சொல்லத்தக்க ஒரு பதம். ஆட்டக்காரனைத் தொழிலாளி என்று சட்டம் கருதிவிடலாகாது என்பதற்காகவே, 1950களில் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தார் அப்பதத்தைப் புகுத்தினர். 1955இல் கொலராடோவில் ரே டெனிசன் என்ற மாணவர் ஆட்டத்தில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி, தொழிலாளர்க்குரிய நஷ்டஈடு கேட்டார். கல்லூரி பந்தாட்டத் தொழில் நடத்தவில்லை என்று கூறி, 1957இல் அந்த ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சொற்களோடு நாள்தோறும் மல்லாடும் நமக்கு, ஒரு சொல் இவ்வளவு வேலை செய்யும் என்பது வியப்பளிக்கவில்லை, வருத்தமளிக்கிறது.

அண்மையில் அங்கே நிலை தலைகீழாக மாறிவிட்டது. 2021 ஜூனில் நாட்டின் உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமனதாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். அடுத்த மாதமே மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறலாமென்று ஆயிற்று. முன்பெல்லாம் கல்லூரி மாறியவன் ஓராண்டு ஆடாமல் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். 2024இல் அத்தடையும் நீங்கியது. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. முதலாண்டில் ஒரு கல்லூரிக்கு ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர் வரையில் எல்லா விளையாட்டுக்களுக்குமாக வரம்பு வகுக்கப்பட்டது. நம் கல்லூரி மைதானங்களில் நுழைவுச் சீட்டு விற்கப்படுவதே அரிதாதலால், அவர்கள் வழி நமக்கு உடனே பொருந்தாது. ஆயினும் ஆடுபவனுக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வியை அவர்கள் வெளிப்படையாகக் கேட்டுவிட்டார்கள். நாம் இன்னும் கேட்கவில்லை.

கழகங்களுக்கோ உலகச் சம்மேளனம் ஒரு நியாயம் வகுத்திருக்கிறது. 12 வயது முதல் 21 வயது வரை ஒருவனுக்குப் பயிற்சி தந்த கழகத்துக்கு, அவன் முதன்முறை தொழில்முறை ஒப்பந்தம் செய்யும்போது பயிற்சி ஈடு உண்டு. அவ்வயதிற் பல ஆண்டுகளை அவன் கல்லூரி மைதானத்தில் கழித்திருப்பான். ஆனால் அந்த ஈடு சங்கத்தில் இணைந்த கழகங்களுக்கே உரியது.

அம்மையாரின் மகன் அன்று வீட்டில் இல்லை. மலபாருக்குச் ‘செவன்ஸ்’ ஆடப் போயிருந்தான். மலப்புறம், கோழிக்கோடு பக்கங்களில் மழைக்காலம் கழிந்ததும், அறுவடையான வயல்களில் விளக்குப் போட்டு இரவிலே நடக்கும் எழுவர் ஆட்டம் அது. ஆப்பிரிக்காவிலிருந்துகூட ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். ஆட்டம் முடிந்தவுடன் கையில் பணம். அப்பணத்தில்தான் அம்மாதம் அரிசி வாங்கியதாக அம்மையார் சொன்னார். அதைக் குறை சொல்ல நமக்கு நா எழவில்லை. எனினும் செவன்ஸ் சம்மேளனத்தின் அங்கீகாரம் பெற்ற ஆட்டமன்று. கழகத்தில் பதிவுபெற்றவன் அங்கே ஆடினால் நடவடிக்கைக்கு ஆளாக நேரிடலாம். முழங்கால் பிசகினால் கேட்பாரில்லை. அங்குக் கிடைக்கும் வெற்றிக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. ஒருபுறம் இன்றைக்குப் பணம், நாளைக்கு ஒன்றுமில்லை. மறுபுறம் இன்றைக்கு ஒன்றுமில்லை, நாளைக்கு ஒருவேளை உத்தியோகம். இருபது வயதில், கூலி நின்றுபோன வீட்டிலிருந்து புறப்பட்ட பையன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

கேரளத்தில் 1954இலேயே ஜி. வி. ராஜாவின் முயற்சியால் விளையாட்டுக் கவுன்சில் அமைந்தது. அவர் பெயரால் விளங்கும் விளையாட்டுப் பள்ளி இதே நெடுமங்காடு வட்டாரத்தில் இருக்கிறது. திருவனந்தபுரம் ஜில்லாவின் கடற்கரையில் பொழியூர் என்ற ஒரே ஊர் சந்தோஷ் கோப்பை ஆட்டக்காரர் பலரைத் தந்திருக்கிறது. அங்கே தம்பிக்கு வழி சொல்ல, முன்னர் ஆடி உத்தியோகம் பெற்ற அண்ணன்மார் இருக்கிறார்கள். போனக்காட்டில் அந்த அண்ணன்மார் இல்லை. விதிகளெல்லாம் அச்சில் இருக்கின்றன, ஆங்கிலத்தில்.

அம்மையாருக்கு விடை சொல்லியாக வேண்டும். இக்காகிதம் மட்டும் போதாதென்று சொன்னோம். அவர் முகம் வாடியது. பல்கலைக்கழக அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாளைக் கல்லூரி உடற்பயிற்சி ஆசிரியரிடம் கேட்டறிந்து, அன்று மகன் செவன்ஸ் மைதானத்தில் இல்லாமல் தேர்வு மைதானத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொன்னோம். அவனுக்கு இருபது வயதுதான்; பி.ஏ. முடிந்தாலும் மேற்படிப்பில் சேர்ந்து ஆட, வயதுவரம்பு இடங்கொடுக்கும் என்றும் கூறினோம். படிவத்தின் பெயரையும், கையொப்பமிட வேண்டியவர் யார் என்பதையும் ஒரு துண்டுத் தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தோம். அதை அவர் சான்றிதழோடு மடித்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டார். தொலைபேசி எட்டுவது சாலை வளைவில் மட்டும்தானாம். பஸ் புறப்பட்டபோது அவர் அந்த வளைவை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.