‘பட்டில்ஸ்டார் கலக்டிகா’: போருக்குப் பிறகு நட்பு என்னவாகிறது?

2009ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி, நியூயோர்க்கிலுள்ள ஐக்கிய நாடுகள் சபைத் தலைமையகத்தில் ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றிய கலந்துரையாடல் நடந்தது. தொடரின் தயாரிப்பாளர்களும், அதில் தளபதியாகவும் ஜனாதிபதியாகவும் நடித்த இருவரும் மேடையில் இருந்தார்கள். ஐ.நா. அதிகாரிகளும் கூடவே அமர்ந்திருந்தார்கள். மனித உரிமை, ஆயுத மோதலில் சிக்கும் சிறுவர்கள், பயங்கரவாதம், நல்லிணக்கம் என்பன பேசுபொருட்கள். சிறுவர்களும் ஆயுத மோதலும் தொடர்பான செயலாளர் நாயகத்தின் விசேட பிரதிநிதியாக அப்போது பணியாற்றிய ராதிகா குமாரசுவாமியும் அந்த மேடையில் கலந்துகொண்டார். அதே நாட்களில் மாத்தளனிலும் வலைஞர்மடத்திலும் எங்கள் சனம் பதுங்குகுழிகளுக்குள் இருந்தது.

அந்தத் தொடரின் பெயர் ‘பட்டில்ஸ்டார் கலக்டிகா’. விண்கப்பல்களும் இயந்திர மனிதர்களும் வருகிற ஒரு கதையில் ஐ.நா. பேசுவதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்வியோடுதான் நான் அதைப் பார்க்கத் தொடங்கினேன். பார்த்து முடித்தபோது மனதில் தங்கியவை அதிலுள்ள சண்டைக் காட்சிகளைவிட அதிலுள்ள நட்புகள்தான். யார் யாருக்கு நண்பர், அந்த நட்பு எந்த இடத்தில் உடைகிறது, யாருடைய குரலுக்குக் கதை இடம் கொடுக்கிறது என்பவற்றைக் கொண்டே அந்தத் தொடர் போரைப் பற்றிப் பேசுகிறது. அது எப்படி என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை. கதையின் முக்கிய முடிச்சுகள் சிலவற்றைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

ஒரே கதை, இரண்டு காலம்

இந்தக் கதை முதலில் 1978 செப்டெம்பரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் வந்தது. உருவாக்கியவர் கிளென் லார்சன். மனிதர்கள் வாழ்ந்த பன்னிரண்டு குடியேற்றங்களைச் சைலன்கள் என்ற இயந்திரப் படை அழித்துவிடுகிறது. எஞ்சிய ஒரு போர்க்கப்பல், உயிர் தப்பியவர்களை ஏற்றிய பொதுமக்கள் கப்பல்களைக் காத்துக்கொண்டு பூமி என்ற இடத்தைத் தேடிப் போகிறது. அத்தொடர் ஒரு பருவத்தோடு நின்றுபோனது.

அதில் உறவுகளின் அமைப்பு எளிமையானது. தளபதி அடாமா குடும்பத் தலைவர் போன்றவர். அவருடைய மகன் அப்பலோ கடமை தவறாதவர். மகனின் நண்பன் ஸ்டார்பக் சுருட்டும் சீட்டாட்டமுமாகத் திரியும் கலகலப்பான விமானி. மற்றவர்கள் இந்த மூவரையும் சுற்றி நின்றார்கள். நண்பர்களுக்குள் தீராத பிணக்கு எதுவும் வருவதில்லை. எதிரி வெளியில் இருந்தான். உள்ளே இருந்தவர்களில் சமாதானம் பேசிய அரசியல்வாதிகள் பெரும்பாலும் ஏமாளிகளாகவே காட்டப்பட்டார்கள். தளபதி சொல்வது கடைசியில் சரியாகவே இருக்கும்.

2003 டிசெம்பரில் ரொனால்ட் டி. மூர், டேவிட் ஐக் ஆகிய இருவரும் இதே கதையை மீளுருவாக்கம் செய்தார்கள். முதலில் இரண்டு பாகக் குறுந்தொடராகவும், பின்னர் 2004 முதல் 2009 வரை நான்கு பருவங்களாகவும் அது வந்தது. அழிவும் ஓட்டமும் பூமியைத் தேடலும் அப்படியே இருந்தன. பெயர்களும் பல அப்படியே இருந்தன. ஆனால் ஸ்டார்பக் பெண்ணானார். அதைப் பழைய ஸ்டார்பக்காக நடித்த டேர்க் பெனடிக்ட் வெளிப்படையாகவே எதிர்த்து எழுதினார். பழைய அப்பலோவாக நடித்த ரிச்சர்ட் ஹட்ச், புதிய தொடரில் டொம் சாரெக் என்ற முன்னாள் அரசியல் கைதியாகத் திரும்பி வந்தார். சைலன்கள் இப்போது மனித உருவத்திலும் இருந்தார்கள். அதாவது பக்கத்தில் படுத்திருக்கும் நண்பனே எதிரியாக இருக்கலாம். பழைய தொடரில் கேள்வியே இல்லாமல் இருந்த நட்பு, புதிய தொடரில் மிகப் பெரிய கேள்வியாக மாறியது இதனால்தான்.

தளபதிக்கு எதிரே ஓர் ஆசிரியை

மூர் செய்த முதல் வேலை, ஒருவரிடம் இருந்த அதிகாரத்தை இருவருக்குப் பிரித்தது. லோரா ரொஸ்லின் கல்வி அமைச்சர். பதவி வரிசையில் 43ஆவது இடத்தில் இருந்தவர். மேலே இருந்த 42 பேரும் இறந்துவிட்டதால் ஜனாதிபதியாகிறார். தனக்குப் புற்றுநோய் என்று அன்றுதான் அவருக்குத் தெரியவந்திருக்கிறது. திருப்பித் தாக்க வேண்டும் என்று நிற்கும் அடாமாவிடம், போர் முடிந்துவிட்டது, நாங்கள் தோற்றுவிட்டோம், இருக்கிற சனத்தைக் கொண்டு தப்பிப் போக வேண்டும் என்று அவர் சொல்கிறார்.

ரொஸ்லினின் அறையில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். உயிரோடு எஞ்சியிருப்பவர்களின் எண்ணிக்கை அதில் எழுதப்பட்டிருக்கும். தொடக்கத்தில் ஏறக்குறைய 50,000. ஒவ்வொரு இழப்போடும் அவர் அதை அழித்து எழுதுவார். ஒரு கப்பலில் குழந்தை பிறந்த செய்தி வரும்போது மட்டும் ஒன்றைக் கூட்டி எழுதுகிறார். தொடர் முடியும்போது அந்த எண்ணிக்கை 40,000க்கும் கீழே வந்துவிடுகிறது.

இருவரும் உடனே நண்பர்களாகவில்லை. முதல் பருவத்தின் முடிவில் அடாமா அவரைக் கைது செய்யவே உத்தரவிடுகிறார். அது சட்டப்படி ஒரு இராணுவச் சதி. பிறகு அடாமாவே இறங்கி வருகிறார். அந்த உறவு மெல்ல மெல்ல நட்பாகி, கடைசியில் காதலாகிறது. ஆனாலும் ஒருவர் மற்றவரின் பிழையைச் சொல்லத் தயங்குவதில்லை. படைக்கும் பொலிஸுக்கும் வேலை வேறு, படையையே பொலிஸாக்கினால் சொந்த மக்களே எதிரியாகிவிடுவார்கள் என்ற கருத்தை இத்தொடரில் சொல்பவரும் அடாமாதான். பாத்திரங்களுக்குள் சமநிலை என்பது வசனங்களைப் பங்கிட்டுக் கொடுப்பதல்ல, மறுத்துப் பேசும் உரிமையைப் பங்கிடுவது என்பதை இந்த இருவரும் காட்டுகிறார்கள்.

அடாமாவும் கேணல் டையும்

தொடரின் மிகப் பழைய நட்பு அடாமாவுக்கும் அவருடைய உதவித் தளபதி சோல் டைக்கும் இடையிலானது. டை குடிகாரர். கோபக்காரர். பொறுப்பைக் கையில் கொடுத்தால் சொதப்புகிறவர். அடாமா அவரை விட்டுக்கொடுப்பதில்லை.

மூன்றாம் பருவத்தில் மனிதர்கள் நியூ கப்ரிகா என்ற கோளில் குடியேறியிருக்கிறார்கள். சைலன்கள் வந்து அதை ஆக்கிரமிக்கிறார்கள். டை எதிர்ப்பு இயக்கத்தை நடத்துகிறார். தடுப்புக்காவலில் ஒரு கண்ணை இழக்கிறார். சைலன்களோடு வேலை செய்யும் மனிதப் பொலிஸாரின் மீது தற்கொலைத் தாக்குதலுக்கு ஆளனுப்புகிறார். தன்னைக் காப்பாற்றுவதற்காக மனைவி எலன் எதிரிக்குத் தகவல் கொடுத்தார் என்று தெரிந்ததும், தன் கையாலேயே அவருக்கு நஞ்சு கொடுக்கிறார்.

அதன் பிறகு கதை அவரிடம் இன்னொன்றைத் தருகிறது. டை தானே ஒரு சைலன் என்று அறிகிறார். அதை அடாமாவிடம் போய்ச் சொல்லும்போது, அவ்வளவு இறுக்கமான தளபதி நொறுங்கி அழுகிறார். முப்பது வருட நட்பு பொய்யா என்பதுதான் கேள்வி. தொடர் தரும் பதில் மெதுவாக வருகிறது. ஒருவர் எதுவாகப் பிறந்தார் என்பதைவிட, கூட நின்ற வருடங்கள் பெரியவை. கப்பலுக்குள் கலகம் வெடிக்கும் நாளில் அடாமாவின் பக்கத்தில் துவக்கோடு நிற்பவர் அதே டைதான்.

ஆறு பேரின் தீர்ப்பு

எங்கள் வாசகர்கள் ஒரே ஒரு அத்தியாயம்தான் பார்ப்பதாக இருந்தால், மூன்றாம் பருவத்தின் ஐந்தாவது அத்தியாயத்தைச் சொல்வேன். ஆக்கிரமிப்பிலிருந்து மக்கள் மீட்கப்பட்டுவிட்டார்கள். கப்பலில் ஆறு பேர் கொண்ட இரகசியக் குழு ஒன்று இரவில் கூடுகிறது. சைலன்களோடு ஒத்துழைத்தவர்கள் என்று சந்தேகிக்கப்படுவோருக்கு அது மரண தண்டனை விதிக்கிறது. தண்டனை, ஆளை விண்வெளிக்குள் தள்ளிவிடுவது. அந்த ஆறு பேரில் டை, டைரல் போன்றோர் நாம் இரண்டு பருவங்களாக விரும்பிப் பார்த்தவர்கள். பிறகு ஸ்டார்பக்கும் சேர்கிறார். தீர்ப்பு எழுதுபவர்கள் கொடியவர்களாக இல்லை, சித்திரவதைப்பட்டு வந்தவர்களாக இருக்கிறார்கள் என்பதுதான் பார்ப்பவரை நெருக்கடிக்குள் தள்ளுகிறது.

முதலில் ஜாமர். டைரலோடு விமானத் தளத்தில் வேலை செய்த பெடியன். சைலன்களின் பொலிஸில் சேர்ந்தவன். ஆனால் டைரலின் மனைவியைச் சுட்டுக்கொல்லக் கொண்டுபோனபோது தப்பவிட்டவனும் அவன்தான். அதைச் சொல்லிக் கெஞ்சுகிறான். டைரல் தடுக்கவில்லை.

அடுத்தவர் கேட்டா. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜனாதிபதி பால்டாரின் அலுவலகத்தில் வேலை செய்தவர். எதிர்ப்பு இயக்கத்துக்கு இரகசியத் தகவல்களைக் கொடுத்ததும் அவர்தான். ஒரு நாய்ச் சாப்பாட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்து அடையாளம் காட்டுவார். அது யார் என்று இயக்கத்தில் எவருக்கும் தெரியாது. தண்டனை நிறைவேற ஒரு நிமிடம் இருக்கும்போது அந்தக் கோப்பையைப் பற்றி அவர் சொல்கிறார். தகவல்களைப் பெற்றுவந்த டைரலுக்கு அப்போதுதான் புரிகிறது. கேட்டா தப்புகிறார். பிறகு ரொஸ்லின் எல்லோருக்கும் பொது மன்னிப்பு அறிவிக்கிறார்.

‘துரோகி’ என்ற சொல் எங்களிடையே என்ன செய்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. மின்கம்பத்தில் கட்டப்பட்டவர்களையும், ஓர் இரவில் காணாமல் போனவர்களையும், அதற்குப் பிறகு அந்தக் குடும்பங்களோடு கதைப்பதை நிறுத்திக்கொண்ட அயலையும் நாங்கள் அறிவோம். எல்லாத் தரப்புக் கைகளாலும் அது நடந்தது. ஜாமருக்கும் கேட்டாவுக்கும் இடையிலுள்ள தூரம், ஒரு சின்ன உண்மை சரியான ஆளின் காதில் விழுந்ததா இல்லையா என்பது மட்டுமே.

தொடர் அதோடு விடவும் இல்லை. உயிர் தப்பிய கேட்டா குணமாவதில்லை. பால்டாரின் வழக்கில், அவருக்கு எதிராகச் சத்தியம் செய்து பொய்ச்சாட்சி சொல்கிறார். பிறகு சண்டையொன்றில் ஒரு காலை இழக்கிறார். கடைசியில் அடாமாவுக்கு எதிரான கலகத்தைச் சாரெக்கோடு சேர்ந்து நடத்திச் சுட்டுக்கொல்லப்படுகிறார். மன்னிப்பு அறிவிப்பு ஒரு கடதாசி. அவரிடம் வந்து என்ன நடந்தது என்று கேட்டு, செய்ததை ஏற்றுக்கொண்ட நண்பன் எவனும் இல்லை. சாவதற்கு முன் அவரோடு இருந்து கதைப்பது, அவர் பொய்ச்சாட்சி சொன்ன அதே பால்டார்.

எதிரிக்கும் முகம்

ஹீலோ என்ற அதிகாரி ஷரன் என்ற சைலன் பெண்ணைக் காதலித்து மணம் முடிக்கிறார். ஒரு கட்டத்தில், சைலன்கள் முழுவதையும் அழிக்கக்கூடிய நோய்க்கிருமி மனிதர்களின் கையில் கிடைக்கிறது. ரொஸ்லினும் அடாமாவும் அதைப் பயன்படுத்த முடிவெடுக்கிறார்கள். ஹீலோ அதைக் குழப்பிவிடுகிறார். மொத்த இனத்தையே அழிப்பதை ஏற்க முடியாது என்பது அவர் நிலை. நாங்கள் நேசித்த இரண்டு தலைவர்களும் இன அழிப்புக்குக் கையெழுத்திடக் கூடியவர்கள் என்பதையும், அதைத் தடுத்தது ஒரு சிறிய அதிகாரியின் மனச்சாட்சி என்பதையும் கதை ஒளிக்கவில்லை.

தராசு சரிந்த இடங்கள்

எல்லா இடத்திலும் இந்தச் சமநிலை நிற்கவில்லை. தொடர்பு அதிகாரி டுவாலா, ரொஸ்லினின் உதவியாளர் டோரி இருவரும் மற்றவர்களின் கதைக்கு உதவவே பயன்பட்டார்கள். டுவாலா தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறார். டோரி டைரலின் கையால் கொல்லப்படுகிறார். இருவரின் மனதுக்குள்ளும் கதை அதிக நேரம் செலவழிக்கவில்லை. நான்கு பேரின் காதல் சிக்கலுக்குப் போன அத்தியாயங்களில் ஒரு பங்கு இவர்களுக்குப் போயிருக்கலாம். எரிபொருள் கப்பலில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் அதே வேலைக்குள் தள்ளப்படுவதையும், அங்கு வேலைநிறுத்தம் எழுவதையும் ஓர் அத்தியாயம் காட்டுகிறது. அடுத்த கிழமை கதை அவர்களை மறந்துவிடுகிறது.

ஆனால் பெயரில்லாதவர்களுக்கென்று ஓரிடத்தைத் தொடர் கடைசிவரை வைத்திருந்தது. கப்பலின் நடைபாதை ஒன்றில், இறந்தவர்களினதும் காணாமல் போனவர்களினதும் படங்கள் சுவர் நிறைய ஒட்டப்பட்டிருக்கும். 2001 செப்டெம்பர் 11க்குப் பின் நியூயோர்க் வீதிகளில் ஒட்டப்பட்ட படங்களை நினைவூட்டும் காட்சி அது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி முதல் கிளிநொச்சியில் படங்களோடு இருந்த தாய்மாரைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுவர் வேறு ஞாபகத்தைத் தரும்.

எங்கள் போரைப் பற்றிப் புனைவுகள் வந்துகொண்டிருக்கின்றன. இனியும் வரும். நாயகன் ஒருவன், துரோகி ஒருவன் என்று எழுதுவது இலகு. 1978இன் தொடர் அப்படித்தான் இருந்தது, அதைப் பார்ப்பதும் சுகமாகத்தான் இருந்தது. கேட்டாவுக்கும் ஜாமருக்கும் தீர்ப்பெழுதிய ஆறு பேருக்கும் ஒரே கதைக்குள் இடம் கொடுப்பது கடினம். எங்கள் ஊர்களிலும் கவிழ்த்து வைத்த கோப்பையைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. யாராவது போய்க் கேட்க வேண்டும்.