பொம்மைப் பட்டணத்தின் பாவாஸ் மியான்

கிளிவெட்டி, தோப்பூர், மூதூர்ப் பக்கத்து மூத்தவர்களிடம் சின்ன வயதில் எதை வைத்து விளையாடினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். “கடைச் சாமானுக்கு எங்க போறது? நுங்குக் கோம்பையில வண்டி, ஓலையில பாம்பும் காத்தாடியும். அவ்வளவுதான்” என்பார்கள். அந்த வண்டியை முதலில் செய்தவர் யாரென்று எவருக்கும் தெரியாது. கோட்டை கட்டிய அரசன் பெயர் நிலைக்கும். பிள்ளைகளுக்குப் பொம்மை செய்தவன் பெயர் நிலைப்பது அபூர்வம். அந்த அபூர்வங்களில் ஒருவர் பாவாஸ் மியான். கர்நாடகத்தின் சன்னபட்டணாவில் அவரைப் பொம்மைத் தொழிலின் தந்தை என்றே சொல்கிறார்கள்.

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில், ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது சன்னபட்டணா. கன்னடத்தில் அதற்கு ‘பொம்மைகளின் ஊர்’ என்று பட்டப்பெயர். இத்தொழிலின் தொடக்கத்தை அவ்வூரார் திப்பு சுல்தானோடு சேர்த்துச் சொல்வார்கள். பாரசீகக் கைவினைஞர்களை அழைத்து வந்து உள்ளூர்க்காரருக்கு மரக்கடைசலும் அரக்குப் பூச்சும் பழக்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆனால் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்புவும் மறைந்தார். அரச ஆதரவு போனதும் பல கைத்தொழில்கள் கூடவே போயின. இது போகவில்லை. ஏன்?

விடை தேட முதலில் தொழிலைப் பார்க்க வேண்டும். இதற்கு உகந்தது வெட்பாலை மரம். வெள்ளையானது, மென்மையானது, கடைவதற்கு இலகுவானது. வெட்டிய மரத்தை நன்றாகக் காயவிட்டு, துண்டாக்கி, கடைசல் பொறியில் மாட்டுவார்கள். மரம் சுழல, உளி உருவத்தைக் கொடுக்கும். பிறகு நிறமூட்டிய அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மீது அழுத்திப் பிடிப்பார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படியும். தூரிகையும் இல்லை, நெருப்பும் இல்லை. கடைசியாகத் தாழை மடலால் தேய்த்தால் கண்ணாடி போல மினுங்கும். மஞ்சளும் அவுரியும் போன்ற இயற்கைச் சாயங்கள் அரக்கோடு கலப்பதால், பிள்ளை வாயில் வைத்தாலும் தாய் பயப்படத் தேவையில்லை.

இவ்வளவு நயமான வேலையும் வீட்டுத் திண்ணையில் தகப்பனிடம் மகன் பழகிய குடும்பத் தொழில்தான். குடும்பத் தொழிலுக்கு ஒரு பலமும் உண்டு, ஒரு பலவீனமும் உண்டு. கைப்பக்குவம் சிந்தாமல் அடுத்த தலைமுறைக்குப் போகும் என்பது பலம். “எங்கட வாப்பா செய்த மாதிரியே போதும்” என்று அங்கேயே நின்றுவிடுவது பலவீனம்.

பாவாஸ் மியான் உடைத்தது இந்த இரண்டாவதைத்தான். அவர் ஜப்பானியரின் பொம்மை செய்யும் முறைகளைச் சன்னபட்டணாவுக்குக் கொண்டுவந்தார். ஜப்பானிலும் மரக்கடைசல் பொம்மை பழைய மரபு. அதன் வடகிழக்குப் பகுதியில் செய்யப்படும், கையும் காலும் இல்லாத ‘கொகேஷி’ மரப்பாவைகளை உலகமே அறியும். மரமும் அரக்கும் கடைசலும் நம்மிடம் உண்டு; முறையை மட்டும் திருத்திக்கொண்டால் போதும் என்பதே அவருடைய வழியின் சாரம். கற்றதைத் தன் பட்டறைக்குள் பூட்டி வைக்கவுமில்லை. உள்ளூர்க் கைவினைஞர்கள் தங்கள் வேலையை மேம்படுத்திக்கொள்ள உதவினார். ஒரு வீட்டின் இரகசியமாகிப் போயிருக்கக்கூடியது ஊரின் சோறாயிற்று. அரசர் நட்ட மரத்துக்கு ஆண்டாண்டாய்த் தண்ணீர் ஊற்றியவர்கள் இப்படிப்பட்டவர்களே.

பின்னாளில் சோதனை வேறு வடிவத்தில் வந்தது. சீனாவிலிருந்து மலிவான பிளாஸ்ரிக் பொம்மைகள் சந்தையை நிறைத்தன. பட்டறைகள் பல மூடின. 2005-2006 காலப்பகுதியில் சன்னபட்டணா பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறோர் ஊர்க்காரர் அந்தப் பெயரைப் போட்டு விற்க முடியாத சட்டப் பாதுகாப்பு அது. 2007இல் ஈயம் கலந்த வர்ணம் பூசிய சீனத் தயாரிப்புப் பொம்மைகளை ஓர் அமெரிக்கப் பெரு நிறுவனம் இலட்சக்கணக்கில் திரும்பப் பெற்றபோது, அரக்குப் பொம்மையின் அருமை பலருக்கு விளங்கியது. முன்பு ஆண்களின் வேலையாகவே இருந்த கடைசலில் இன்று பெண்களும் அமர்ந்திருக்கிறார்கள்.

இது இந்தியாவின் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் நாட்டிலும் அரக்கு வேலை உண்டு. மாத்தளைப் பக்கம் ஹப்புவிதவில் அரக்கை நூலாக இழுத்து, நகத்தால் கிள்ளி ஒட்டி அலங்கரிப்பார்கள். கடைசலில் அரக்கேற்றும் முறையும் நம் நாட்டில் இருக்கிறது. நம் கிழக்கு மாகாணத்தில் உம்மாமார் பின்னிய பன்பாயும் அதே தரத்துக் கைவேலைதான். ஆனால் பன் வெட்டவும், காயவைக்கவும், சாயம் ஏற்றவும், பின்னவும் தெரிந்த கைகள் எமது ஊர்களில் குறைந்துகொண்டே போகின்றன. “இதுல என்ன வருமானம்?” என்ற பிள்ளைகளின் கேள்வி நியாயமானதே. அதற்கு அறிவுரை பதிலாகாது. புதிய முறை, புதிய உருவம், புதிய சந்தை ஆகியவையே பதில்.

பாய் பின்னத் தெரிந்த ஒரு உம்மா உங்கள் வீட்டில் இருந்தால், இந்த விடுமுறையில் ஒரு பிள்ளையை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து வையுங்கள். பாவாஸ் மியான் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.