ஆள் மாறினால் ஓசை மாறும் – 9: பத்தொன்பது பேர் ஏறிய மேடை

போன வாரம் எல் பாசோவில் நிறுத்தியிருந்தேன். டெக்சாஸின் அந்த எல்லை ஊரில் 1994இல் தொடங்கிய 'அட் த டிரைவ்-இன்', 2000இல் 'ரிலேஷன்ஷிப் ஆஃப் கமாண்ட்' ஆல்பத்தைத் தந்துவிட்டு மறு வருடமே உடைந்தது. அதில் இருந்த செட்ரிக்கும் ஓமரும் 'மார்ஸ் வோல்டா'வைத் தொடங்கினார்கள். மற்ற மூவர் 'ஸ்பார்ட்டா' ஆனார்கள். ஒரே குழுவுக்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இரண்டு ஓசைகள் அதன்பிறகு தனித்தனியாகக் கேட்டன. வாஷிங்டனின் ஃபுகாஸி குழுவிலோ யாரும் விலகக்கூட இல்லை. முதலில் வெறும் பாடகராக நின்ற கய் பிசியோட்டோ, 1990இல் வந்த 'ரிப்பீட்டர்' ஆல்பத்தில் கிதாரையும் எடுத்தார். அதற்கே அந்தக் குழுவின் முகம் மாறிவிட்டது.

இந்த வாரம் நம்முடைய ரயில் தடத்துக்கு வருவோம். பட்டாபிராமில் மின்சார ரயில் ஏறுகிறவர்களுக்கு கானாவை யாரும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. காலேஜ் பையன்கள் ஏறினால் பெட்டியின் தகரமே மேளம். ஒருவன் வரியை எடுத்துக்கொடுக்க, வாசலில் நிற்பவன்வரை திருப்பிப் பாடுவான். இந்துக் கல்லூரி நிறுத்தம் வந்தால் பாட்டு பிளாட்பாரத்தில் இறங்கி நடக்கும். 'ரூட்டு தல' அடிதடிக்காக மட்டுமே இந்தப் பையன்கள் செய்தியாவது எனக்குத் தீராத வருத்தம். அவர்களிடம் அபாரமான தாளம் இருக்கிறது.

அந்தத் தாளத்துக்குப் பெரிய மேடை போட்ட குழு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017இல் ஆட்களைத் திரட்டினார்கள். அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதி பேதமற்ற' என்ற தொடரிலிருந்து பெயர் வந்தது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் முதல் நிகழ்ச்சி. மேடையில் பத்தொன்பது பேர். கானா பாடகர்கள், ராப் பாடகர்கள், பறை, சட்டி, கட்டமோளம், தவில், பக்கத்திலேயே எலக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும். அத்தனை பேரில் ஒரே பெண், இசைவாணி.

இதைக் கேட்பது சுலபம், சேர்ப்பது கடினம். கானா பாடுபவர் நினைத்த இடத்தில் வரியை இழுப்பார், சட்டென்று பேச்சுக்கு இறங்குவார், கூட்டத்தில் ஒருவரைப் பார்த்து இரண்டு சொல் கூடுதலாகப் போடுவார். டோலக் அவர் மூச்சைப் பார்த்து அடிக்கும். டிரம்ஸும் கிதாரும் எண்ணி வைத்த இடத்தில் வந்து விழும். அந்த மேடையில் நான் வியப்பது இதைத்தான்: கானாவை ராக் சட்டத்துக்குள் அடைக்கவில்லை. கிதார் பெரும்பாலும் பின்னால் நின்றது. தோல்கருவிகள் முன்னால் வந்தன. சாவு வீட்டு வாசலோடு நின்றுவிட வேண்டும் என்று ஒதுக்கப்பட்ட கருவிகள், இட ஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டிறைச்சியைப் பற்றியும் பாடும்போது முன்வரிசையில் முழங்கின. ஃபுகாஸிக்காரர்கள் இரண்டு கிதார்களை மோதவிட்டுக் கண்ட சூட்டை இவர்கள் தோலில் கண்டார்கள்.

பிறகு ஒவ்வொருவருக்கும் தனிப்பாதை விரிந்தது. பட்டாபிராம் வண்டி போய்ச் சேரும் அரக்கோணத்துக்காரர் அறிவு. குழுவில் பாட்டெழுதி ராப் பாடிக்கொண்டே 2019இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் 'தெருக்குரல்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அங்கே கானாவின் இழுப்பு குறைந்து சொல்லடுக்கு நெருக்கமானது. 2021 மார்ச்சில் பாடகி தீயுடன் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி'யில் ஒப்பாரியின் சாயல் ஏறியது. அப்புறம் 'அம்பாசா' என்ற சொந்தக் குழு, 2024இல் பாட்டியின் பெயரைத் தாங்கிய 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பம். இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். டென்மா 2022இல் 'நட்சத்திரம் நகர்கிறது' படத்துக்கு இசையமைத்தார்.

ஆள் கலைந்தால் குழு தோற்றது என்று சிலர் பேசுகிறார்கள். நான் ஒப்பவில்லை. நாலு பேர் பெயரை நம்பி நிற்கும் பேண்டாக இது தொடங்கப்படவில்லை. புதியவர் வந்து நிற்க எப்போதும் இடம் விட்டுத்தான் கட்டினார்கள். ஆனாலும் ஓர் இழப்பு உண்டு, அதை மறைக்கக் கூடாது. பறையும் சட்டியும் ஒருசேர அதிர, நான்கைந்து பாடகர்கள் ஒருவர் வரியை இன்னொருவர் பிடுங்கிப் பாடும் அந்த நெரிசல், தனி ஆல்பம் எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. தனி ஆல்பத்தில் ஒருவர் குரல் தெளிவாகக் கேட்கிறது. 2018 மேடையில் ஒரு தெருவே கேட்டது.

அந்த நெரிசலுக்கு 2020 டிசம்பரில் இன்னும் பெரிய இடம் கிடைத்தது. சபாக்களின் மாதத்திலேயே நீலம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)